வாசல் விளக்கும் என் வயிற்றெரிச்சலும்

அன்புள்ள மகனுக்கு,

இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உன் அம்மா சௌக்கியம். தறி இரண்டும் சௌக்கியம். நான் மட்டும் வயிற்றெரிச்சலோடு இருக்கிறேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி முகூர்த்தக்கால் நட நாள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்ற தகப்பன் இப்படி எழுதலாமா என்று நினைப்பாய். எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன தடவை நீ வந்திருந்தபோது, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த என்னிடம், "ஏனுங்கப்பா, கண்ணாலம் முடிஞ்சதும் அம்மாவ எங்கூட மேட்டூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேனுங்க. அங்க ரூமுக்கு ரூம் லைட் இருக்குதுங்க" என்று கேட்டாய். நான் தண்ணீருக்குள் முங்கிவிட்டேன். முங்கினவன் எழுந்துதானே ஆக வேண்டும். எழுந்து, "யோசிச்சு எழுதறேன் போ" என்றேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

உன் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அது நேற்று முளைத்ததில்லை. நீ நடக்கத் தொடங்கிய நாளிலேயே, உன் அம்மாவின் தறிக்குழிக்குள் இறங்கி அவள் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். அவளால் மிதியை மிதிக்க முடியாது, துணி ஒரு விரற்கடைகூட ஏறாது. ஆனாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். என் தறியில் ஒரு நூல் அறுந்தால் மட்டும், "கவனம் எங்கீங்க இருக்குது" என்பாள். சோற்றில் விடுகிற நெய்யும் அன்றிலிருந்து உன் பக்கம்தான் சாய்ந்தது. இதையெல்லாம் எந்தத் தகப்பனும் பொறுத்துக்கொள்வான், நானும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது, நீ அவளுக்கு அந்த விளக்கைப் போட்டுக் கொடுத்ததிலிருந்துதான்.

அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது நீ மேட்டூரில் கரண்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சல் இறங்கியது, இறங்கும்போது காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. ஈரோட்டு டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். கொஞ்ச காலம் அழுதாள். பிறகு எழுந்து தறியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் அது ஓரளவு பழகின சங்கதிதான். இரண்டு தறியும் சேர்ந்து ஓடும்போது நல்ல காது உள்ளவனுக்கே எதுவும் கேட்காது. நாங்கள் வருஷக்கணக்காக ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே பேசிக்கொண்டவர்கள். எனக்கு மீசை என்று சொல்லிக்கொள்ள எலிவால் மாதிரி நாலு முடிதான், அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று. நான் சத்தமே இல்லாமல் பேசினாலும் அவளுக்குப் புரியும்.

தொல்லை வாசல் கதவால்தான். தறியில் நீள விரித்த பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கிறோம். கதவு திறந்திருந்தால் தெருவில் போகிற ஆடு உள்ளே வந்து நூலை நக்கி நாசம் செய்துவிடும். அதனால் எந்நேரமும் தாழ்ப்பாள். வருகிறவர்கள் சங்கிலியைத் தட்டி, "ஊட்ல யாருங்க?" என்று குரல் கொடுப்பார்கள். நான் எழுந்து அவள் தறிக்கு முன்னால் போய் நின்று, வந்திருப்பது யார் என்று கையால் காட்டுவேன். மோர்க்காரி என்றால் மத்துக் கடைகிற மாதிரி இரண்டு கையையும் இழுப்பேன். நூல் கொடுக்கிற முதலாளியின் ஆள் என்றால் வயிற்றைத் தள்ளிக் காட்டுவேன். பக்கத்து வீட்டுப் பாவாயக்கா என்றால் வாயை மட்டும் படபடவென்று திறந்து மூடுவேன், அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் இல்லையா. நீ வந்தால் மேலுதட்டைத் தடவிக் காட்டுவேன், அப்போதுதான் நீ மீசையை முறுக்கப் பழகியிருந்தாய். நான் எதைக் காட்டினாலும் உன் அம்மா குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. காது போன பிறகுதான் பார்த்தாள். நல்லதாயிற்று என்று சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு நன்றாக இருந்தது.

அதற்கு முடிவு கட்டியது உன் அக்கா. நான் வெளியூர் போயிருந்த ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், திருச்செங்கோட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே தறி ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது, அவள் கத்துகிற சத்தம் உள்ளே இருப்பவளுக்குக் கேட்கவில்லை. வெயிலில் நின்று நின்று குழந்தை முகம் சிவந்து வாந்தியெடுத்து, கடைசியில் எதிர்வீட்டுக்காரர் புழக்கடைச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்தார். திருடன் என்று நினைத்து உன் அம்மா அவர் மேல் நாடாவை வீசினாளாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வெளியே கிளம்பினால் அவள் தறியில் உட்காரமாட்டாள். கதவோரம் முக்காலியைப் போட்டு, கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது தட்டினால் பலகை அதிருமே, அதற்காக. நான் திரும்பி வருகிறவரை அப்படியே இருப்பாள், தறி சும்மா கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போன நீதான் அடுத்த தடவை தோளில் ஒயர்ச் சுருளோடு வந்தாய்.

வாசல் நிலையில் ஒரு பொத்தான், அதை அமுக்கினால் உள்ளே பல்பு எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான். காலையில் ஏணியில் ஏறினவன் நீ சோற்றுக்குக்கூட இறங்கவில்லை. உலகச் சண்டை நடக்கிற காலத்தில் ஒயர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டுப் போட்டதாகச் சொன்னாய். பல்பை முதலில் உத்திரத்தில் மாட்டினாய். கரண்டுக்காரன் புத்தி, விளக்கென்றால் மேலே தொங்க வேண்டும் உனக்கு. வெளியே போய் அமுக்கு அமுக்கென்று அமுக்கினாய். உத்திரத்தில் அது பாட்டுக்கு எரிந்து அணைந்தது, உன் அம்மா பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தாள். பிறகு சுவரில் மாட்டினாய். அதுவும் ஆகவில்லை. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் அவளே எழுந்து வந்து, உன் கையிலிருந்த பல்பை வாங்கிப் பாவுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள். "இங்க வெய்யி சாமி. எங் கண்ணு இங்கதான் இருக்கும்" என்றாள். நூலில் சூடு படாதபடி நீ தகரத்தை வளைத்து ஒரு கூடு செய்து பல்பை அதற்குள் பதித்தாய். வெளியே போய் அமுக்கினாய். வெள்ளைப் பாவு முழுக்க வெளிச்சம் பரவியது. உன் அம்மா நாடாவைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பி அந்த விளக்கைக் கும்பிட்டாள். பிறகு போய்க் கதவைத் திறந்து உன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

விளக்கேற்றினால் கும்பிடுவது பெண்களின் பழக்கம், இல்லையென்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்து ஏற்றுகிற விளக்குக்கு ஒரு கும்பிடு, சரி. இதுவோ மோர்க்காரி அமுக்கினாலும் எரிகிறது, முதலாளியின் ஆள் அமுக்கினாலும் எரிகிறது. ஒவ்வொரு தடவையும் அவள் கும்பிட்டுவிட்டுத்தான் எழுகிறாள். "கரண்டு லைட்டுக்கு எதுக்குப் புள்ள கும்புடு?" என்று கேட்டேன். "எம் பையன் போட்ட வெளக்குங்க" என்றாள். இந்த வீட்டில் நான் போட்ட உத்திரம் இருக்கிறது, நான் போட்ட கதவு இருக்கிறது, நான் ஏற்றின தறி இருக்கிறது. ஆயுத பூஜைக்குத் தவிர அவள் எதையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் ஆயிற்று. யார் வந்தாலும் அவளே போய்த் திறக்கிறாள். நான் என் தறியிலிருந்து எழுந்து மத்துக் கடைகிற மாதிரி கையை இழுப்பதற்குள் அவள் கதவண்டை போயிருப்பாள். புழக்கடையில் இருக்கும்போது மட்டும் விளக்கு தெரியாது, அந்த மட்டுக்கு எனக்குப் பதவி பாக்கியிருந்தது. நீ அடுத்த தடவை வந்து அடுப்படிக்கு ஒன்று, புழக்கடைக்கு ஒன்று என்று பல்பு போட்டுவிட்டுப் போனாய். கொடுத்து வைத்த மகராசி என்று தெருவே உன் அம்மாவைச் சொன்னது. என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் நானே வெளியே போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஓட்டமாக வருகிற காலடி கேட்டது. கதவு திறந்தது. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும், "நீங்கதானா" என்றாள், சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. "பின்ன யாருன்னு நெனச்சே?" என்றேன். "தம்பியோன்னு நெனச்சேனுங்க" என்றாள். மேட்டூரிலிருந்து நமக்கு ஆற்றுத் தண்ணீர் தினமும் வருகிறது, கரண்டு தினமும் வருகிறது, நீ எப்போதோ ஒரு தடவை வருகிறாய். ஆனால் விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நீதான். காது நன்றாக இருந்த நாளில் நான் தெருமுனையில் கனைத்தாலே அவளுக்குத் தெரியும், குழம்பு அடுப்பில் ஏறும். இப்போது எனக்கும் மோர்க்காரிக்கும் ஒரே வெளிச்சம். அதிலும் மோர்க்காரியைப் பார்த்து அவள் "நீதானா" என்று கேட்டதில்லை.

நானும் சும்மா விடவில்லை. எனக்கென்று தனியாக ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று, இனிமேல் இரண்டு தடவை விட்டு விட்டு எரிந்தால் அது நான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அப்படியே அமுக்கவும் செய்தேன். அவள் வந்து கதவைத் திறந்து, "இப்படி அமுக்கினா பல்பு கெட்டுப் போயிடுமுங்க. தம்பி எங்கெங்கியோ அலைஞ்சு கொண்டாந்தது" என்றாள். என் அடையாளம் அன்றோடு சரி. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் பெண்டாட்டி கட்டப் போகிறவன். வருகிறவளுக்கு எல்லா வசதியும் செய்து கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பதற்கென்று ஏதாவது ஒரு குறையை மிச்சம் வைத்துக்கொள். எட்டாத பரணில் ஒரு பானையாவது இருக்கட்டும். எல்லாவற்றையும் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டால் அப்புறம் நீ எதற்கு?

எனக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, உன் மீசை. அது கிடா மீசையாக வளர்ந்து உதட்டை மூடிக்கொண்டதால் நீ பேசுவது உன் அம்மாவுக்குப் புரியவில்லை. நீ ஏதோ சொல்வாய், அவள் உன் வாயையே பார்ப்பாள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் அதை என் வாயால் சொல்லிக் காட்டுவேன். வீடு முழுக்க நீ ஒயர் இழுக்கலாம், ஆனால் "சாப்பிட்டீங்களாம்மா" என்று நீ கேட்டது அவளுக்குப் போய்ச்சேர என் வாய் வேண்டியிருந்தது. உன் கல்யாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்டாள். நீ மீசைக்குள் என்னவோ சொன்னாய். "அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாங்கறான்" என்று நான் சேர்த்துச் சொன்னேன். நீ வெட்கப்பட்டாய், அவள் சிரித்தாள். மூன்று பேரும் அப்படியே இருந்திருக்கலாம். "ஏனுங்கப்பா, நான் பேசறது மட்டும் அம்மாவுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?" என்று நீ கேட்டாய். "மீசை மறைக்குது" என்று சொன்னவன் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

அப்பன் உயிரோடு இருக்கிறவரை மகன் மீசையை எடுக்கக்கூடாது என்பது நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் குடித்து உனக்கு மறந்துவிட்டது. போன மாதம் நான் நூல் வாங்கச் சேலம் போயிருந்தேன். சண்டை வந்ததிலிருந்து முதலாளியிடமே நூல் குதிரைக்கொம்பு. மறுநாள் வருகிறேன் என்று போனவன், முறைக்காகக் காத்துக் கிடந்ததில் நாள் தள்ளிப்போயிற்று, தகவல் சொல்லியனுப்ப ஆளும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நீ மழமழவென்ற மேலுதட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாய். அம்மாவிடம் இனி நேரே பேசலாம் என்ற சந்தோஷத்தில் வாழைப்பழம் வாங்கக் கடையில் நின்றிருக்கிறாய். பாவாயக்கா உன்னைப் பார்த்துவிட்டாள். போனவர் திரும்பவில்லை, பிள்ளை மீசை இல்லாமல் நிற்கிறான், அவளுக்கு வேறென்ன தோன்றும்? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி, வழியில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நம் வீட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது. உன் அம்மா கும்பிட்டுவிட்டு, நீதான் என்று ஓடிவந்து கதவைத் திறந்தாள். வாசலில் மாரடித்து அழுகிற பெண்கள். அழுகிற வாயைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் தெருவில் நீ வந்தாய், கையில் பழத்தோடு, முகத்தில் மீசை இல்லாமல். அது அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, ஒண்ணுமில்லீங்கம்மா" என்று நீ அவள் முகத்துக்கு நேரே நின்று கத்தினாயாம். அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சிரைத்துக்கொண்டு வந்த வாய். அவளோ கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள்.

இதெல்லாம் நீ பக்கத்தில் நின்று பார்த்தது. நான் தெருமுனையில் நின்றது உனக்குத் தெரியாது. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, நூல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு திரும்புகிறேன், யாரோ ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். என் தாயார் போனதிலிருந்து இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெண்பிள்ளை கிடையாது. யாரது என்று பார்த்தால் உன் அம்மா. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள் அவள். ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டதற்கு, பாவாயக்காவைக் கூட்டிவந்து சொல்லவைத்தவள். "ஏனுங்க" என்பதைத் தவிர என்னை வேறெதுவும் சொல்லியறியாதவள், தெரு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, என் முழுப் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூப்பிடுகிறாள். காது கேட்காததால் எவ்வளவு சத்தம் என்று அவளுக்கு அளவு தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டியவன், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். சொன்னாள்.

பிறகுதான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். "சொன்ன நாளுக்கு வரோணுமில்லீங்களா" என்றாள். அப்புறம் உன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பாவாயக்கா தலையை முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் எனக்குச் சோறு போடும்போது உன் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, நான் வெளிய நின்னு ஏதாச்சும் சத்தம் போட்டேனுங்களா?" காது போனதிலிருந்து, மனதில் நினைத்தது எது, வாய்விட்டுச் சொன்னது எது என்று அவளுக்குச் சில சமயம் குழம்பிவிடுகிறது. "ஒண்ணும் போடலை. அழுதே, அவ்வளவுதான்" என்றேன். தெரிந்தால் வெட்கத்தில் வெளியே தலைகாட்டமாட்டாள், என் ஆயுசை நினைத்துக் கோயில் கோயிலாக விரதம் இருப்பாள். தெருவில் உள்ளவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்கள் வாயசைவு அவளுக்குப் பழக்கமில்லை, பேசினாலும் புரியப் போவதில்லை. புரியும்படி சொல்லக்கூடியவன் இப்போது என்னைத் தவிர நீ ஒருவன்தான்.

ஆகவே மேட்டூர் விஷயத்துக்கு என் பதில் இது. நீயே அவளிடம் கேள். உன் உதடு இப்போது பளிச்சென்று தெரிகிறது. நான் நடுவில் நிற்கமாட்டேன், எதையும் சேர்த்தும் சொல்லமாட்டேன். வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். முகூர்த்தத்துக்குள் மீசை எவ்வளவு வளருமோ அவ்வளவு வளரட்டும். பெண் வீட்டார் யாராவது ஒரு மாதிரி பார்த்தால், அப்பன் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் அன்றைக்குத் தெருவில் நின்று அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை மட்டும் நீ அவளிடம் ஒரு நாளும் சொல்லக்கூடாது. உன்னை அவள் சாமி என்கிறாள், கண்ணு என்கிறாள், உன் விளக்கைக் கும்பிடுகிறாள், அதெல்லாம் உனக்கே இருக்கட்டும். இது என் பெயர். எனக்காக அவள் சொன்னது. இதில் உனக்குப் பங்கில்லை.

ஆசீர்வாதம்.

உன் அப்பா